மூன்றில் ஒன்றுதான் வெடித்தது

ராத்திரியில் குப்பைத்தொட்டி கிளறுகிற காட்டுப் பிராணியான ரக்கூன் பட்டப்பகலில் வெளியே நடமாடினால் அதற்கு வெறி பிடித்திருக்கிறது என்பது எங்கள் டென்னஸி மலைப்பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அன்று காலை ட்ரீவாவின் முடி திருத்தும் கடையில் நாங்கள் நாலு பெண்கள் இருந்தோம். கடை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். அவள் வீட்டு முற்றத்தில் நிறுத்தியிருந்த பழைய ட்ரெய்லர், சக்கரம் வைத்த பெட்டி வீடுதான். அதற்குள் இரண்டு நாற்காலி, தலை காயவைக்கிற யந்திரம் ஒன்று, எந்நேரமும் சூடாக இருக்கும் காபி. அவ்வளவுதான். எதிர்வீட்டுக்காரி என்பதால் எனக்கு அங்கே தலை வாரிக்கொள்ள வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓர் இடம் உண்டு.

இமோஜீன்தான் ஜன்னல் வழியாக முதலில் பார்த்தாள். வாயில் நுரை ஒழுக, குடித்தவன் மாதிரி தள்ளாடிக்கொண்டு அது நேரே எங்கள் படியை நோக்கி வந்துகொண்டிருந்தது. ட்ரீவா அலட்டிக்கொள்ளவில்லை. சீப்பைக் கீழே வைத்தாள். முன்னால் கட்டியிருந்த ஏப்ரன் பைக்குள் கையை விட்டுத் தன் சின்னக் கைத்துப்பாக்கியை எடுத்தாள். கதவைத் திறந்து படியில் நின்று, நிதானமாகக் குறி பார்த்து விசையை இழுத்தாள்.

டக்.

வெடிக்கவில்லை. மேல்பாகத்தை இழுத்து அந்தத் தோட்டாவை வெளியே தள்ளிவிட்டு மறுபடி விசையை இழுத்தாள். மறுபடியும் டக். மூன்றாவதுதான் வெடித்தது. அதற்குள் குறி தப்பிவிட்டதால் குண்டு மண்ணைக் கிளப்பிவிட்டுப் போனது. ரக்கூன் படிக்கு வந்தேவிட்டது. கதவோரம் பனி அள்ளுகிற மண்வெட்டி சாய்த்து வைத்திருந்தது. நான் அதை எடுத்து ஒரே போடாகப் போட்டேன்.

செத்த பிராணியை யாரும் பார்க்கவில்லை. படியில் கிடந்த வெடிக்காத தோட்டாக்கள் இரண்டையும்தான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். நாலு பேர் மனதிலும் ஒரே பெயர்தான் ஓடியது. ராய்ஸ்.

ராய்ஸ் யாரென்று சொல்லிவிடுகிறேன். ட்ரீவாவின் மகள் லெட்டியைக் கட்டியிருந்தவன். ஒருநாள் அவளை அடித்துத் தாடையை உடைத்துவிட்டான். அதை நேரில் பார்த்தவள் ட்ரீவா. கோர்ட்டில் போய்ச் சாட்சி சொன்னாள். அவன் சிறைக்குப் போனான். லெட்டி அவனை விவாகரத்து செய்துவிட்டு வேறு மாநிலத்துக்குப் போய்விட்டாள். எந்த ஊர், என்ன வேலை என்பது தாய்க்கு மட்டும்தான் தெரியும். எனக்குக் கூடச் சொன்னதில்லை. தீர்ப்பு வந்த அன்று ராய்ஸ் போகிற போக்கில் ட்ரீவாவிடம் குனிந்து, மரியாதையாகவே சொன்னானாம், "வெளிய வந்ததும் உங்களத்தான் அத்தை மொதல்ல பாக்க வருவேன்" என்று. அந்தக் கோடையில் அவன் வெளியே வரவேண்டியிருந்தது. ஷெரீஃப் அலுவலகம் மலைக்கு அந்தப் பக்கம். இங்கிருந்து போன் செய்தால் அவர்கள் வந்து சேர்வதற்குள் சமைத்து, சாப்பிட்டு, பாத்திரமும் கழுவிவிடலாம். ஆகவே ட்ரீவாவுக்கு அந்தத் துப்பாக்கி அலங்காரப் பொருள் இல்லை. மகளுக்கும் அவனுக்கும் நடுவே இருந்த தாழ்ப்பாள் அதுதான்.

அது உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். 'இருபத்திரண்டு' என்று இங்கே சொல்வார்களே, இருக்கிற தோட்டாக்களில் பொடிசு, அதைப் போட்டுச் சுடுகிற ரகம். ட்ரீவாவின் முதல் கணவன் கிளிஃப்டன், நிலக்கரிச் சுரங்கத்தில் நுரையீரல் கெட்டுச் செத்துப்போனவன், அவள் கடை திறந்தபோது வாங்கிக் கொடுத்தது. அதைப் பார்த்துச் சிரிக்காத ஆள் இல்லை. துப்பாக்கிக் கடை ஹோபர்ட், அதைச் சாவிக்கொத்தில் கோத்துக்கொள்ளச் சொல்லுவான். இமோஜீன் தன் கைப்பையில் ஒரு முரட்டு ரிவால்வரை வைத்துக்கொண்டு ஒரு பக்கத் தோள் இறங்கிப்போய் நடப்பவள். அவள் சொல்லுவாள், "இதால சுட்டா கொசு கடிச்சுதுன்னு சொறிஞ்சுகிட்டே வருவான்டி." ட்ரீவா விட்டுக்கொடுக்க மாட்டாள். "ஒன்னோடது பாதி நாள் பீரோவுல தூங்குது. என்னோடது என்கூடவே நடக்குது. பையில இருக்கற சின்னது வீட்ல இருக்கற பெருசவிட மேல்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்தத் துப்பாக்கி அதுவரை அவளை ஏமாற்றியதில்லை. வருஷா வருஷம் சுதந்திர தினமான ஜூலை நாலாம் தேதி ஓடைக்கரையில் தகர டப்பாக்களை வரிசையாக வைத்துச் சுடுவோம். ஆண்களின் பெரிய துப்பாக்கிகள் மணல் பட்டு மக்கர் பண்ணும்போதும் இது படபடவென்று வெடித்திருக்கிறது. பயிற்சியிலும் அவள் குறை வைக்கவில்லை. குளிர்காலத்தில் தீயணைப்பு நிலையத்தில் நடந்த துப்பாக்கி அனுமதிச் சீட்டு வகுப்புக்குப் போனாள். முன்னாள் ராணுவக்காரர் ஒருவர் சொல்லிக்கொடுத்தார். அவர் சொன்னபடி தினமும் மாலை தோட்டாவை எல்லாம் எடுத்துவிட்டு, டிவியில் விளம்பரம் வரும்போதெல்லாம் வானிலை சொல்கிறவன் நெற்றியைக் குறிவைத்து விசையை இழுத்து இழுத்துப் பழகினாள். சோபாவில் பக்கத்தில் வெண்டல் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருப்பான்.

வெண்டல் அவளுடைய இரண்டாவது கணவன். அதற்கு முந்தின இலையுதிர்காலத்தில், ஆப்பிள் பறிக்கிற பருவத்தில்தான் கல்யாணம் ஆனது. வீட்டு வெந்நீர் யந்திரங்களும் அடுப்புகளும் பழுது பார்க்கிற ஆள். மனைவியை இழந்தவன். நாம் பத்து வார்த்தை சொன்னால் பதிலுக்கு ஒன்று சொல்லுவான், அதுவும் பல நாள் 'ம்' என்பதாக இருக்கும். நல்லவன்தான் என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். ஒன்று மட்டும் உறுத்தியது. அவனுடைய கூடப்பிறந்த அக்கா ஓபலின் பிள்ளைதான் ராய்ஸ். தாய்மாமன். எங்கள் பள்ளத்தாக்கில் யாரைத் தொட்டாலும் யாருக்காவது சொந்தம் என்பது உண்மைதான். ஆனாலும் படியில் தோட்டா வெடிக்காமல் கிடக்கும்போது அந்தச் சொந்தம் வேறு மாதிரி தெரியத்தான் செய்தது.

அன்று மதியம் வெண்டல் வந்ததும் இமோஜீன் ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள். அவன் கேட்டுக்கொண்டான். ட்ரீவாவிடம் கையை நீட்டி, "குடு, பாக்கறேன்" என்றான். அவள் கொடுக்கவில்லை. அவன் வற்புறுத்தவும் இல்லை. ஆனால் போகும்போது அவள் ஏப்ரன் பையைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான். நானும் பார்த்தேன், ட்ரீவாவும் பார்த்தாள்.

மறுநாள் அவள் என் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தாள். காபி ஆறிக்கொண்டிருந்தது. அவள் கணக்கு இப்படிப் போனது. இத்தனை வருஷம் கிளிஃப்டன் இருந்தபோதும், அவன் போன பிறகும் வெடித்த துப்பாக்கி, இப்போது ஏன் வெடிக்கவில்லை? வீட்டில் புதிதாக வந்தது என்ன? ஓர் ஆள். அந்த ஆள் யாருக்கு மாமன்?

அவனிடமே கேட்டுவிடேன் என்றேன்.

"கேட்டா, பொய் யோசிக்க அவனுக்கு நேரம் குடுத்த மாதிரி ஆயிடும்" என்றாள். "மொதல்ல கண்ணால பாக்கணும்."

அவள் என்ன செய்தாள் தெரியுமா? புதுப் பெட்டி தோட்டா வாங்கி வந்தாள். கடையில் இருந்த சிவப்பு நகப்பூச்சை எடுத்து ஒவ்வொரு தோட்டாவின் அடியிலும் ஊசி முனையால் ஒரு பொட்டு வைத்தாள். காய்ந்ததும் துப்பாக்கியில் ஏற்றி, துண்டுகள் வைக்கிற இழுப்பறையில் போட்டுவிட்டு, புதன்கிழமை சர்ச் சாப்பாட்டுக்கு என்னோடு கிளம்பினாள். கையில் துப்பாக்கி இல்லாமல் அவள் வெளியே போனது அன்றுதான். வெண்டல் முதுகு வலி என்று வீட்டில் இருந்துகொண்டான். சர்ச்சில் அவள் தட்டில் வைத்த கோழியைத் தொடவே இல்லை.

திரும்பி வந்து இழுப்பறையைத் திறந்தோம். துப்பாக்கி வைத்த இடத்திலேயே இருந்தது. துண்டு மடிப்பு கூடக் கலையவில்லை. தோட்டாக்களை எடுத்து உள்ளங்கையில் கொட்டினாள். ஒன்றில் கூடச் சிவப்புப் பொட்டு இல்லை. நிறமும் வேறு. அவள் போட்டது மஞ்சள் பித்தளை. இவை செம்பு பூசியவை.

கண்ணுகளா, அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். அவள் அழவில்லை, திட்டவில்லை. தான் கண்டுபிடித்தது அவனுக்குத் தெரியக்கூடாது என்று தோட்டாக்களை ஒன்றொன்றாகத் திரும்ப ஏற்றினாள். அடுத்த அறையில் வெண்டல் பேஸ்பால் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். "சாப்பாடு எப்படி?" என்று அங்கிருந்தே கேட்டான். "கோழி உப்பு" என்று இவள் சொன்னாள்.

அதற்குப் பிறகு அவள் பார்த்ததெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தது. அவன் கொட்டகையில் நின்று போன் பேசுவான், இவள் போனதும் 'சரி, அப்புறம்' என்று வைத்துவிடுவான். ஒருநாள் கீல் வாங்கி வரப்போகிறேன் என்று கிளம்பினான். அன்று மாலையே இமோஜீன் வந்து, அவன் வண்டி ஓபல் வீட்டு வாசலில் வெகுநேரம் நின்றதாகச் சொன்னாள். கீல் எங்கே என்று ட்ரீவா கேட்டதற்குக் கடையில் இல்லை என்றானாம். அந்த ராத்திரியிலிருந்து அவள் மகளுடைய அறையில் படுத்துக்கொண்டாள். குறட்டை தாங்கவில்லை என்று காரணம் சொன்னாள். அவன் அதற்கும் 'ம்' என்றான்.

ராய்ஸ் வெளியே வந்துவிட்டான் என்று சனிக்கிழமை காலை தெரிந்தது. ட்ரீவா கடையைப் பூட்டிவிட்டு என் வண்டியில் ஏறினாள். ஹோபர்ட் கடைக்கு விடச் சொன்னாள். போகிற வழியில் ஒரு வார்த்தைதான் பேசினாள். "துரோகம்தான்னு ஹோபர்ட் வாயால சொல்லிட்டா, நான் இன்னிக்கே வீட்ட விட்டுப் போயிடுவேன். லெட்டி இருக்கற எடத்துக்கு இல்ல. வேற எங்கயாவது."

ஹோபர்ட்டின் கடை அவன் வீட்டுப் பின்புறம். மான் தலைகளும் தூண்டில் புழு டப்பாக்களும் ஒரே அலமாரியில் இருக்கும். வயிறு மேஜையில் இடிக்க அவன் துப்பாக்கியை வாங்கிப் பார்த்தான். பொம்மைக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தான். ட்ரீவா சிரிக்காததைப் பார்த்துவிட்டு அவனும் நிறுத்திக்கொண்டான். மணல் நிரப்பிய பீப்பாய்க்குள் சுட்டுப் பார்த்தான். வெடித்தது. அடுத்தது டக். அடுத்தது வெடித்தது. மறுபடி டக்.

தோட்டாவை மாற்றிவிட்டான், செத்த தோட்டாவைப் போட்டுவிட்டான், என்றாள் ட்ரீவா. யார் என்று ஹோபர்ட் கேட்கவில்லை. அவனுக்கும் ஊர் பேச்சு தெரியும்தான். வெடிக்காத தோட்டா ஒன்றை எடுத்துக் கொஞ்சம் திருப்பி, தன்னுடைய வேறொரு துப்பாக்கியில் போட்டுச் சுட்டான். பட்டென்று வெடித்தது. இன்னொன்றும் அப்படியே.

"தோட்டா நல்லாத்தான் இருக்கு. சொல்லப்போனா நீ வாங்கிட்டுப் போன ரகத்தவிட ஒசத்தி. எவன் மாத்தினானோ அவன் நல்லதுக்குத்தான் மாத்தியிருக்கான்."

ட்ரீவா வெடித்த கூட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

ஹோபர்ட் துப்பாக்கியைப் பிரித்தான். குழலின் பின்வாயை விளக்கடியில் வைத்து, பூதக்கண்ணாடியை எங்கள் பக்கம் தள்ளினான். தோட்டா உட்கார்கிற குழியின் விளிம்பில், ஓரிடத்தில் மட்டும், எலி கடித்த மாதிரி ஒரு பள்ளம். அவன் விளக்கினான். பெரிய தோட்டாவுக்கு மருந்து நடுவில் இருக்கும், இந்தப் பொடிசுக்கு மருந்து விளிம்பில் இருக்கிறது. உள்ளேயிருக்கிற ஊசி அந்த விளிம்பைக் குழியோரத்தோடு சேர்த்து நசுக்கினால்தான் தீப்பிடிக்கும். ஊசி அடிக்கிற அதே இடத்தில் பள்ளம் விழுந்துவிட்டால் நசுக்குவதற்கு அடியில் ஆதாரம் இல்லை. தலையணை மேல் பாக்கு வைத்து இடிக்கிற கதை.

எப்படி விழும் அந்தப் பள்ளம், என்று நான் கேட்டேன்.

"உள்ள தோட்டா இல்லாம விசைய இழுத்தா ஊசி நேரா இரும்பு மேலதான் அடிக்கும். ஒரு நாள் ரெண்டு நாள் வேலை இல்ல இது. மாசக்கணக்கா யாரோ தினமும் வெறும் துப்பாக்கிய அடிச்சிருக்காங்க." அவன் ட்ரீவாவைப் பார்த்தான். "யாரு?"

ட்ரீவா தன் வலது ஆள்காட்டி விரலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாக, வகுப்பு எடுத்த ராணுவக்காரர் அப்படித்தான் பழகச் சொன்னார் என்றாள். அந்த மனுஷன் இடுப்பில் மாட்டியிருப்பது பெரிசு, அதை வெறுமனே அடித்தாலும் ஒன்றும் ஆகாது, இவ்வளவு சின்னதை அவர் வாழ்க்கையில் தொட்டே இருக்க மாட்டார் என்று ஹோபர்ட் சொன்னான். விளிம்பைத் தட்டிச் சரிசெய்ய நாலைந்து நாள் ஆகும் என்றும் சொன்னான். அதுவரைக்கும் வைத்துக்கொள்ளத் தன்னுடைய ரிவால்வர் ஒன்றை எடுத்து அவளிடம் கொடுத்தான். அது அவள் ஏப்ரன் பையில் சிரமப்பட்டுத்தான் நுழைந்தது.

வண்டியில் ஏறியதும் எனக்குப் பெரிய நிம்மதி. பாவம் வெண்டல், அவன் மேல் வீண்பழி என்றேன். ட்ரீவா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"தெனம் சாயங்காலம் பக்கத்துலதான் உக்காந்திருந்தான்" என்றாள். "ஊர்ல இருக்கற யந்திரத்தையெல்லாம் பிரிச்சு மாட்டறவன். எதுல எது இடிச்சா எது தேயும்னு அவனுக்குத் தெரியாதா? நான் என் கையாலயே அதக் கெடுத்துக்கறேன், அவன் கடலை உரிச்சுகிட்டுப் பாத்துகிட்டிருந்தான். சொல்லாம இருந்தானே, அது எதுக்கு?"

அப்படியானால் தோட்டாவை ஏன் நல்லதாக மாற்ற வேண்டும் என்று கேட்டேன். அவள் ரிவால்வரை ஏப்ரன் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினாள்.

வளைவில் திரும்பியதும் அவள் வீட்டு வாசலில் பச்சை நிற வண்டி ஒன்று நிற்பது தெரிந்தது. அதன் மேல் சாய்ந்துகொண்டு ராய்ஸ். பக்கத்தில் வெண்டல். இருவர் கையிலும் சோடா பாட்டில். ட்ரீவா வீட்டுக் குளிர்பெட்டியில் இருந்து எடுத்தது. மாமனும் மருமகனும் மீன் பிடிக்கப் போவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் மாதிரி நின்றுகொண்டிருந்தார்கள்.

நான் வண்டியை நிறுத்தவில்லை. போய்விடலாம் என்றேன். அவள் நிறுத்து என்றாள். இறங்கி, வலது கையை ஏப்ரன் பைக்குள் விட்டபடி நடந்தாள். நான் ஷெரீஃப் அலுவலகத்துக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு அவள் பின்னால் போனேன்.

ராய்ஸ் தொப்பியை எடுத்தான். சிறையில் இளைத்திருந்தான். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள்.

"நல்லா இருக்கீங்களா அத்தை? சண்டைக்கு வரல. லெட்டிகிட்ட ஒரு வார்த்தை பேசணும்."

"இங்க இல்ல."

"தெரியும். எங்கன்னுதான் கேக்கறேன்."

வெண்டல் பாட்டிலைக் கீழே வைத்தான். இதைத்தான் அரைமணி நேரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இவளுக்கும் சொல்ல இஷ்டமில்லை, எனக்கும் தெரியாது, என்றான். ஒரே வீட்டில் இருந்துகொண்டு தெரியாதா என்று ராய்ஸ் சிரித்தான். கேட்டதில்லை என்றான் வெண்டல்.

ராய்ஸ் ஓரடி முன்னால் வந்தான். ட்ரீவாவின் தோள் இறுகியது. அவன் கண் ஏப்ரனுக்குப் போனது.

"அத வெளிய எடுக்காதீங்க அத்தை, அசிங்கமா இருக்கும். அது வெடிக்கறதில்லன்னு எனக்குத் தெரியும்."

ட்ரீவா திரும்பி வெண்டலைப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே அவர்கள் தாம்பத்தியம் முறிந்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றியது. இமோஜீன் மளிகைக் கடையில், பெட்ரோல் பங்கில், சர்ச் வாசலில் சொல்லி முடித்த ரக்கூன் கதை அது, ஊரில் தெரியாதவர் கிடையாது என்பது அந்த நேரத்தில் எனக்கும் நினைவுக்கு வரவில்லை.

வெண்டல் நடந்து போய் ராய்ஸுக்கு முன்னால் நின்றான். எங்களுக்கு முதுகு காட்டிக்கொண்டு.

"வண்டில ஏறு."

"மாமா, நான் ஒங்க ரத்தம்."

"ஆமாம்ப்பா. அதனாலதான் ஏறுங்கறேன். அவ நிக்கற தினுசு எனக்குத் தெரியும், சுட்டுடுவா."

ட்ரீவா ரிவால்வரை வெளியே எடுத்தாள். அதைப் பார்த்ததும் ராய்ஸின் முகம் மாறியது. அவன் கேள்விப்பட்ட பொம்மை இது இல்லை. மாமன் தோளுக்கு மேலே அவளையும் துப்பாக்கியையும் மாறி மாறிப் பார்த்தான். அம்மாவுக்கு இது தெரியட்டும் என்று ஏதோ முணுமுணுத்துக்கொண்டே ஏறினான். வண்டி புழுதி கிளப்பிக்கொண்டு போனது.

அவன் போன பிறகும் துப்பாக்கி இறங்கவில்லை. குழலுக்கு நேரே இருந்தது வெண்டலின் முதுகு. அவன் மெதுவாகத் திரும்பினான். பார்த்தான். கையைத் தூக்கவில்லை, நகரவில்லை.

"அவன் போயாச்சும்மா" என்றான்.

"ஒனக்குத் தெரியுமா? தெனமும் நான் அத வெறுமனே அடிச்சடிச்சுக் கெடுத்துகிட்டேன். பக்கத்துல உக்காந்திருந்தியே, தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."



"தெரிஞ்சு ஏன் சொல்லல?"

"சொன்னேன். மொத வாரமே சொன்னேன். அப்படி அடிக்காத, கெட்டுடும்னேன். கிளிஃப்டன் குடுத்தது, அதுல ஒனக்கு என்ன வேலைன்னு கேட்ட. அப்பறம் நான் வாயத் தெறக்கல." அவன் குரல் உயரவே இல்லை. "பிரிச்சுப் பாக்கக் குடுன்னேன், குடுக்கல. அதான் நல்ல தோட்டாவாப் போட்டு வெச்சேன். லேசா அடிச்சாலும் பிடிக்கும்னு ஒரு நப்பாசை."

"ஓபல் வீட்டுக்கு எதுக்குப் போன?"

"அவன் என்னிக்கு வரான்னு தெரிஞ்சுக்க. இந்தப் பக்கம் அனுப்பாதன்னு கெஞ்சறதுக்கு. அக்கா கேக்கல. ஒன்கிட்ட சொன்னா நீ தூங்க மாட்டன்னு கீல் கதைய விட்டேன். எனக்குப் பொய் நல்லா வராது."

ட்ரீவாவுக்கு அந்த முதல் வாரம் நினைவுக்கு வந்துவிட்டது. முகத்திலேயே தெரிந்தது. அவன் சொன்னதை அவள் ஒரு காதால் கேட்டிருக்கிறாள். செத்துப்போன கணவனின் பொருளை உயிரோடு இருப்பவன் குறை சொல்கிறான் என்று மட்டும்தான் அவளுக்கு அப்போது பட்டிருக்கிறது. ரிவால்வரைத் தாழ்த்தினாள். நான் போய் அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

ஷெரீஃபின் ஆள் வந்தபோது பீன்ஸ் வெந்து, சோள ரொட்டியும் அடுப்பிலிருந்து இறங்கிவிட்டது. ராய்ஸ் இந்த வீட்டுப் பக்கம் வரக்கூடாது என்று ஏற்கெனவே கோர்ட் உத்தரவு இருந்ததால், அவனைத் தேடிப் போய் மறுபடி உள்ளே வைப்பதாகச் சொல்லிவிட்டுப் போனான். நான் கிளம்புகிறேன் என்றேன், ட்ரீவா விடவில்லை. மூவரும் மேஜையில் உட்கார்ந்தோம். வெண்டல் ரொட்டியைப் பிட்டு மோரில் நனைத்துக்கொண்டிருந்தான். யார் முதுகை யார் குறிபார்த்தார்கள் என்பதைப் பற்றி அந்த மேஜையில் ஒருவரும் பேசவில்லை.

திடீரென்று ட்ரீவா சொன்னாள், "லெட்டி எங்க இருக்கான்னு ஒனக்குச் சொல்லணும். நீ தெரிஞ்சுக்கறதுதான் நியாயம்."

வெண்டல் கரண்டியை வைத்துவிட்டுத் தலையை ஆட்டினான்.

"வேணாம்."

"நான் நம்பித்தான் சொல்றேன்."

"எனக்குப் புரியுது. ஆனா ஓபல் என் அக்கா. அவ அழுதா என்னால தாங்க முடியாது, சின்ன வயசுலருந்து அப்படித்தான். தெரியாத வரைக்கும் நான் ஒனக்கு உபயோகப்படுவேன். தெரிஞ்சுகிட்டா என்னையே நான் நம்ப மாட்டேன்."

ட்ரீவா அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் பீன்ஸ் போட்டாள். அன்று ராத்திரி மகளுடைய அறையிலிருந்து தன் தலையணையை எடுத்துப் போனதாக மறுநாள் என்னிடம் சொன்னாள்.

இன்னொன்றும் சொன்னாள். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன் கண்ணுகளா, ஏனென்றால் அதுவும் உண்மைதான். "அவனுக்கு அக்கா அழுதாத் தாங்காதுன்னு இப்ப எனக்கும் தெரிஞ்சுபோச்சு. இனிமே அவன் ஓபல் வீட்டுப் பக்கம் போறப்பல்லாம், திரும்பி வந்ததும் அவன் மூஞ்சியத்தான் மொதல்ல பாப்பேன்."

அப்படித்தான் பார்க்கிறாள். அவனும் வாசலில் கொஞ்ச நேரம் நின்று, அவள் பார்த்து முடிக்கிற வரைக்கும் காத்திருந்துவிட்டு உள்ளே வருகிறான்.